குவைத்துக்குப் போற பிள்ளைக்கு

16.2.85 சனி
குளிர். யன்னல் கண்ணாடி வெள்ளையாப் போச்சு. பாரிஸ் ரூ லூயி-பிளாங் கடைத்தெருவில கருவாடு, கறித்தூள், வெறும் கசெற் ஒண்டு வாங்கினது. தங்கச்சியின்ர மகள் ரெஜினா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் போறாளாம். நான் அங்கை இருந்தனான் எண்டபடியால் எல்லாம் விபரமாக் கசெற்றில பேசி அனுப்பட்டாம். செவ்ரான் பக்கம் இருக்கிற சூசைத்தம்பி புதன் கொழும்புக்குப் போறார். அவரிட்டைக் குடுத்துவிட வேணும்.

பின்னேரம் இருந்து பேசினன். வெள்ளிக்கிழமைதான் லீவு. கைமூடின சட்டை கொண்டு போ. நோன்பு மாசத்தில பகல்ல வெளியில தண்ணியும் குடியாதை. வலக்கையால வாங்கு. பேரீச்சம்பழம் தந்தால் வேண்டாம் எண்டாதை, கோவிப்பினம். கோடையில காத்து அடுப்புக்குள்ளால வாற மாதிரி, யன்னலைத் திறந்தால் சோத்துக்குள்ள மணல். மார்கழியில சுவெற்றர் வேணும். எண்ணெய்க் காசு, றோட்டெல்லாம் கண்ணாடி மாதிரி. கடற்கரையில நீல உருண்டை வைச்ச கோபுரம், மேல ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். எங்கட கோயிலும் இருக்கு, பூசைக்குப் போகலாம்.

மகன் அன்ரன் சிரிச்சான். "அம்மா, உங்களை அங்கை மந்திரியாவோ வைச்சிருந்தவங்கள்?"

17.2 ஞாயிறு
பூசை. சூசைத்தம்பியிட்டைக் கசெற் குடுத்தாச்சு. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில நிண்டிட்டுத் திரும்பி வந்திட்டன்.

கோபுரத்தில நான் ஏறேல்லை. எயார்ப்போட்டால வரேக்கை கார் யன்னலால கண்டது. மிச்சமெல்லாம் வீட்டு டிரைவர் சொன்னது. போன அண்டே வீட்டுக்காரி பாஸ்போட்டை வாங்கி அலுமாரியில வைச்சவ. வெள்ளிக்கிழமைதான் விருந்தாளியள், வேலை கூட. அவையள் வெளிக்கிட்டால் வெளியால பூட்டு. கோயிலைக் கண்ணாலையும் காணேல்லை. செபமாலையை அரிசி ரின்னுக்குள்ள ஒளிச்சு வைச்சனான். எல்லா வீடும் அப்பிடியில்லை எண்டு டிரைவர் சொல்லுவான். எனக்கு வாய்ச்சது அது.

இஞ்சை பூசை முடியப் பொம்பிளையள் கேக்கேக்கை என்ர வாய் சும்மா இருந்துதே. ஒரு ஞாயிறு கோபுரம். அடுத்த ஞாயிறு பொன்கடை.

18.2 திங்கள்
பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு. அன்ரன் ஊறுகாயோட சாப்பிட்டான்.
ரெஜினாவுக்கு மட்டும் சொல்ல வழியில்லை. கசெற் போனால் ஒழுங்கைச் சனம் முழுக்கத் தங்கச்சி வீட்டில குந்தும். தேத்தண்ணி குடுத்து, சத்தமாப் போட்டுக் கேப்பினம். அக்காவைப் பூட்டி வைச்சவங்கள் எண்டால் தங்கச்சி என்னெண்டு வெளியில தலை காட்டுவாள். மாதாவே. ஆனால் அந்தப் பெட்டை போய்ப் பூட்டுக்குள்ள இருந்தால்?

19.2 செவ்வாய்
ரெயினில செவ்ரான். சூசைத்தம்பி சூட்கேசைக் கயிறு போட்டுக் கட்டிப்போட்டார். கசெற்றைத் திருப்பிக் கேட்டன். "என்ன அக்கா, கோபுரத்துக்கு இன்னொரு தட்டு கட்டப் போறியளோ?" எண்டபடி அவிட்டுத் தந்தார்.

அவற்ற ரேப்பில, குசினிக்குள்ள, பழசை அழிச்சுப் பேசினன். பெண்சாதி றீற்றா பக்கத்தில மீன் வெட்டிக்கொண்டு. பாஸ்போட், பூட்டு, எல்லாம். "கேக்கிற எல்லாருக்கும்தான் சொல்லுறன். ரெஜினா, வெள்ளிக்கிழமை வெளியில விடுவினமோ எண்டு ஏஜென்சிக்காரனைக் கேள். பாஸ்போட்டைக் கொப்பி எடுத்துக் கொம்மாட்டைக் குடு. அவன் மழுப்பினால் போகாதை பிள்ளை."

றீற்றா கத்தியை வைச்சிட்டா.

"அக்கா, நீங்க கோயிலடியில சொன்னதைக் கேட்டுத்தானே என்ர மச்சாளின்ர மகளைப் போகச் சொன்னனான்."

"எப்ப போறா?"

"நத்தாருக்கு முந்தியே போயிட்டாள்."

"காயிதம்?"

"இன்னும் இல்லை."

சூசைத்தம்பி திரும்பக் கயிறு கட்டினார்.

20.2 விபூதிப் புதன்
மழை. சூசைத்தம்பி போயிருப்பார். மீன், இறைச்சி இல்லை, கீரை மட்டும்.
நெத்தியில சாம்பலோட முழந்தாளில இருந்தன். குவைத்துக்குப் போன அந்தப் பிள்ளைக்காகச் செபிக்க எண்டு வாயைத் திறந்தன். பேரைக் கேக்காமல் வந்திட்டன்.