துடைத்துவிட்ட சேறு

அம்மாவுக்கு மகள் எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி விட்டுவிட்டது என்று எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை, உள்ளதைச் சொல்.

நான் கூட்டித் துடைக்கும் ஆய்வுக்கூடத்தில், ஏரியில் காலங்காலமாக அடுக்கடுக்காகப் படிந்த அடிச்சேற்றைக் குழாயில் எடுத்து வந்து நீளவாக்கில் பிளந்து வைத்திருக்கிறார்கள். நேற்று மேசையோடு சேர்த்து அதன் ஓரத்தையும் துடைத்துவிட்டேன். அங்கே ஆராய்ச்சி செய்யும் மேடம் ஓடி வந்தார்.

“ஐயோ அக்கா! ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தின மழையைத் துடைச்சுட்டீங்களே!”

“அந்த மழையில நீங்க நனைஞ்சீங்களாக்கும்?” என்றேன்.

சிரித்துவிட்டார். ஏரி வற்றிய காலத்துச் சேற்றில் உப்பு அதிகமாம், மழைக்காலத்துச் சேற்றில் குறைவாம். அதைச் சோதித்தே மழையும் வறட்சியும் மாறி மாறி வந்ததைச் சொல்லிவிடுவார்களாம். நல்லவேளை, பிளந்ததில் மறுபாதி பத்திரமாக இருந்தது. வேலை போகவில்லை, பயப்படாதே.

எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஒன்று. நம்மை விட்டுப் போன என் பாப்பா, காய்ச்சலில் விழுவதற்கு முந்தின நாள் மழையில் ஆடிய கவுனைத் துவைத்து வைக்கச் சொன்னேனே, துவைக்காதே. போன கடிதத்தில் அதைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. துவைத்துவிட்டாயோ என்று சந்தேகமாக இருக்கிறது. மறைக்காதே, திட்டமாட்டேன். துவைத்திருந்தாலும் கீழ் மடிப்பின் தையலைப் பிரித்துப் பார், உள்ளே கொஞ்சமாவது சேறு ஒட்டியிருக்கும்.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்