பாயிண்ட் சேராத விமானம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் அப்படித்தானே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் வயிற்றில் கட்டி, அதை எடுக்க ஆபரேஷன் என்று தெரிந்தபிறகு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. சீக்கிரம் சௌக்கியமாகிவிடு, அவ்வளவுதான். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தாலே “பரவாயில்லப்பா, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி அடைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, எல்லாவற்றையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினாயே, எதைப் பற்றி? குடும்பத்தோடு அடிக்கடி விமானத்தில் போகிறவர்களுக்கு எந்த கிரெடிட் கார்டு நல்லது என்று. அவளிடம் போய் அதைக் கேட்கலாமா? வங்கியில் வேலை பார்த்த காலம் முழுவதும் அடுத்தவர் பணத்தை எண்ணிய அலுப்பு தீர, ரிட்டயர் ஆனதிலிருந்து, கார்டில் செலவு செய்தாலும் விமானத்தில் பறந்தாலும் சேர்கிறதே, அந்தப் பாயிண்டை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பர்ஸைத் திறந்தால் சீட்டுக்கட்டு மாதிரி கார்டுகள், பெட்ரோலுக்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று, விமானத்துக்கென்றே வருஷா வருஷம் கட்டணம் கட்டி ஒன்று. அந்தக் கார்டுக்கு விமான நிலையத்தில் இலவசச் சாப்பாடு உண்டு என்பதால் விமானத்துக்கு அரைநாள் முன்னாலேயே என்னை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைப்பாள். என் கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் வாங்குவதும் கார்டில்தான். லென்ஸ் தருகிறவர் கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூடுதலாகப் போடுகிறார், வருகிற பாயிண்டைவிட அது அதிகம் என்று நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டேன், காதில் ஏறினால்தானே. சரி, அது கிடக்கட்டும். கார்டு, பாயிண்ட் என்று அத்தனையும் பேசி முடித்து ஃபோனை வைக்கப்போகும்போது, ஏதோ பல் டாக்டரைப் பார்க்கப்போவது மாதிரி, அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன், மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், பக்கத்து வீட்டுப் பெண் கூட இருப்பாள், பேரனையும் அவளே பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணா? நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம்?

உன் அம்மாவுக்கும் முகம் மாறிவிட்டது, அதை நான் மறைக்கவில்லை. உடனே லேப்டாப்பைத் திறந்தாள், குடும்பத்தில் யார் பறந்தாலும் ஒரே கணக்கில் சேர்ந்திருக்கிற பாயிண்டுக்கு டிக்கெட் வாங்கி இரண்டு பேரும் போய்வரலாம் என்றாள். திறந்தவள் திறந்தவள்தான், ராத்திரிச் சாப்பாடு ஆறிப் போனது. எந்தத் தேதி போட்டாலும் சீட் இல்லை என்றே வந்தது. மறுநாள் அந்த விமானக் கம்பெனிக்கே ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பாட்டு கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆனபிறகு ஒரு பெண் வந்தாள். பாவம், மரியாதையாகத்தான் பேசினாள். “மேடம், உங்க குடும்பக் கணக்குல பாதிக்கு மேல உங்க மக பயணம் பண்ணிச் சேர்த்ததுதான். ஆனா அவங்க ஊருக்கு எங்க விமானம் போறதில்ல” என்றாள். வேறு கம்பெனி விமானத்தில் வேண்டுமானால் பாயிண்டுக்கு சீட் வாங்கித் தரலாம், அதுவும் இரண்டு மாதம் கழித்துத்தான் என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் அண்ணன் ஊருக்கு நேராகப் போகிறது என்றுதான் உன் அம்மா அந்த விமானத்தையும் அதன் கார்டையும் பிடித்தாள். விமானத்தைத் தேர்ந்தெடுத்தபோதே எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போவது என்பதும் முடிவாகிவிட்டது, அது எங்கள் மண்டையில் ஏறவில்லை. அண்ணன் வீட்டுக்கு மூன்று தடவை போய்விட்டோம். உன் வீட்டு வாசல்படியை இன்னும் நான் மிதிக்கவில்லை. நீயோ, பாயிண்ட் சேரும், அந்த விமானத்திலேயே வா என்று இவள் சொன்னதற்காக, உன் ஊரில் விமான நிலையம் இருந்தும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போய் அங்கிருந்து ஏறி வந்திருக்கிறாய். நீ பஸ்ஸில் இடிபட்டுச் சேர்த்ததில் நாங்கள் உன் அண்ணன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறோம். உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லியிருக்கக்கூடாதா?

ஃபோனை வைத்ததும் உன் அம்மா மெதுவாக, “அவ வாங்கன்னு கேக்கவே இல்லையே” என்றாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் குரலை உயர்த்தியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை. “கேக்காத பிள்ளைக்கு ஒண்ணும் கெடையாதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கடைக்கு நாலு கடை தள்ளி டிக்கெட் போடும் ஆபீஸ் இருக்கிறது. உன் ஊரிலேயே இறங்குகிற விமானமாகப் பார், பாயிண்ட் கார்டு எதுவும் என்னிடம் கேட்காதே என்று சொல்லிப் பணத்தை நீட்டினேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கையில் கொடுத்தான். உன் அம்மா மறுநாள் காலையில் அதே விமானத்தில் தனக்கும் ஒன்று போட்டுவிட்டாள். கார்டில்தான் போட்டாள். அவள் திருந்துவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் பெட்டியில் முதலில் வைத்தது பேரனுக்கு வாங்கின சட்டையைத்தான்.

கடைக்கு ஒரு மாதம் பூட்டு. பாதி வேலையில் நிற்கும் கண்ணாடிகளை எதிரே கண்ணாடிக் கடை போட்டிருப்பவனிடமே கொடுத்துவிட்டேன். என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவன், விஷயத்தைச் சொன்னதும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டான். பத்தாம் தேதி காலையில் வந்து இறங்குகிறோம். ஏர்போர்ட்டுக்கு வருகிறேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையாதே, விலாசம் என் சட்டைப்பையில் இருக்கிறது. நீ கேட்ட கார்டு விஷயத்தில் உன் அம்மா சொன்னதையெல்லாம் மறந்துவிடு. யாரைப் பார்க்க வேண்டுமோ அந்த ஊருக்கு எந்த விமானம் போகிறது என்று பார், அதற்குப் பிறகு கார்டைப் பார். சேர்ந்ததைச் சேர்ந்த சூட்டோடு செலவு பண்ணு. வருஷக் கட்டணம் கட்டிவிட்டு அது வீணாகிறதே என்று ஊர் சுற்றாதே.

வெயிட் எதையும் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு, டாக்டர் சொன்ன மாத்திரையை மறக்காதே. உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய், பேரனும் நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கூட இருக்கப்போவது யார் என்று கேட்பார்கள். யோசிக்காமல் அப்பா என்று சொல்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உன் அப்பா