தண்ணீர் இல்லை என்று சொன்னேன்

மடு மாதா துணை

பலெர்மோ
24.07.1997

அன்புள்ள பீலிக்ஸ் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் இங்கே சுகமாக இருக்கிறேன். அங்கே ஆடிக் காற்று தொடங்கியிருக்கும். உங்கள் நெஞ்சு இழுப்பு எப்படி இருக்கிறது? மண்டபம் முகாமில் உங்கள் வீட்டுத் தகரம் ஒன்று காற்றில் கழன்றுவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். திரும்பப் பூட்டினீர்களா என்று எழுதவில்லை. ஈரத்தில் படுக்க வேண்டாம்.

இந்த நாலு வருடத்தில் நான் உங்களுக்கு எழுதிய கடிதம் எதுவும் பத்து வரியைத் தாண்டியதில்லை. இது நீளும். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பிரிக்க வேண்டாம். ஞாயிறு பூசை முடிந்த பிறகு ஆட்கள் இல்லாத இடமாகப் பார்த்து இருந்து வாசியுங்கள்.

நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவுக்குக் கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் யன்னல் பலகைகளை எல்லாம் சாத்தச் சொல்லிவிட்டு நாலு மணி வரை படுப்பா. இந்த ஊரே அப்படித்தான். அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட நடமாடாது. அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் நான் பயப்படுவேன். எமிலியானா அப்போதுதான் வருவாள்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. இங்கே வந்த முதல் வருடத்திலிருந்தே வருகிறாள். குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். முகம் தெரியாது. மஞ்சள் சட்டையின் ஓரம் மட்டும் தெரியும். “அம்மா, ஒரு மிடறு” என்பாள். நான் கோப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினால் ஆள் இருக்காது. இருந்திருந்தால் வருகிற மாதம் அவளுக்குப் பதின்மூன்று வயது.

இந்த ஊரில் கோடையில் குழாய்த் தண்ணீர் ஒவ்வொரு நாளும் வராது. நாங்கள் சீசா என்ற பகுதியில் இருக்கிற மாடி வீட்டுக்கு மூன்று நாளுக்கு ஒரு தடவை வரும். வரும்போது மோட்டார் போட்டு மேலே தாங்கியை நிரப்பிக்கொள்ள வேண்டும். அது போதாதென்று நான் போத்தல் போத்தலாகவும் பிடித்து வைப்பேன். கட்டிலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், நடை நீளத்துக்கும் போத்தல்தான். என்னோடு அதே வீட்டில் இருக்கிற செல்வமலரின் மகள் ஜெசிக்கா, “அன்ரி, நீங்கள் தண்ணிக்கடை போடப் போறீங்களோ?” என்று சிரிப்பாள். தட்டுப்பாட்டுக்குப் பயந்து வைக்கிறேன் என்று அவர்கள் நினைக்கிறார்கள். உங்களுக்குக் காரணம் தெரியும்.

இந்த மாதத் தொடக்கத்தில் மோட்டார் பழுதாகிவிட்டது. நாலு நாளாகத் தாங்கி காய்ந்து கிடந்தது. பேசாலைக்கார ஆள் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார், இயந்திர வேலை தெரியுமாம், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன் என்று செல்வமலர் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டா. எனக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. இரண்டு மணிபோல் கதவு தட்டிக் கேட்டது. திறந்தேன்.

சந்தியோகு நின்றான்.

ஆள் மெலிந்து, முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. ஆனாலும் அடையாளம் காண எனக்கு ஒரு கணம்கூட எடுக்கவில்லை. அவனுக்கும் எடுக்கவில்லை. கையில் இருந்த வேலைச் சாமான் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, “அக்கா” என்றான். நான் மாடிப்படியைக் காட்டினேன். “மோட்டார் மேலை இருக்கு” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் இனி எழுதுகிறேன். இதை எழுதாமல் மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் இவனுடைய வள்ளத்தில்தானே நாங்கள் பேசாலையிலிருந்து புறப்பட்டோம். இருட்டோடு எங்களை ஒரு மணல் திட்டில் இறக்கி, “இந்தியா வந்திட்டுது, விடிஞ்சால் ஊர் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனான். விடிந்தபோது நாலு பக்கமும் கடல்தான் தெரிந்தது. நிழலுக்கு ஒரு செடி இல்லை. ஆட்களிடம் இருந்த இரண்டு போத்தல் தண்ணீர் அன்று பின்னேரமே முடிந்துவிட்டது. நாங்கள் கொண்டு வந்த பெரிய தண்ணீர்க் கான் எங்கே என்று நான் கேட்டேன். “விட்டிட்டன்” என்றீர்கள். அந்த ஒரு சொல்தான். அடுத்த நாள் மத்தியானம் பிள்ளை என் மடியில் போய்விட்டாள். சட்டி மூடியால் மணலைத் தோண்டி நீங்கள் அவளை அங்கேயே வைத்தீர்கள். அதற்கு அடுத்த விடியலில் இராமேஸ்வரத்து மீன்காரர்கள் வந்து எங்களை ஏற்றினார்கள்.

முகாமுக்கு வந்த பிறகு அந்தக் கானை வைத்து நான் உங்களைப் பார்த்து என்ன சொன்னேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னேன். அதை இந்தக் கடிதத்தில் திருப்பி எழுத எனக்குத் துணிவில்லை.

சந்தியோகு இரண்டு மணி நேரம் மேலே நின்றான். அன்று ஆபிரிக்காப் பக்கமிருந்து வரும் அனல் காற்று அடித்தது. சிறோக்கோ என்பார்கள். காகம்கூட நிழல் தேடுகிற நேரம். நான் நடையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மோட்டார் உறுமிக் கேட்டது. தாங்கியில் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டது. பிறகு அவன் இறங்கி வந்தான். சட்டை முழுக்க நனைந்து, உதடு வெடித்திருந்தது. வாசலில் நின்றபடி, “அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளோ?” என்றான்.

எனக்குப் பின்னால் போத்தல்கள் வரிசையாக நின்றன. அவனுக்கும் அவை தெரிந்தன.

“இல்லை” என்றேன்.

அவன் போத்தல்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “ஓம் அக்கா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். நாலு மாடி. ஒவ்வொரு படியாக அவன் கால் வைப்பதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ. அன்று பின்னேரம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் சிஞ்ஞோரா படுத்த பிறகு நான் வழமைபோல் குசினியில் இருந்தேன். பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவள் வருகிறாளே என்று பயந்த நான், இப்போது வராமல் இருக்கிறாளே என்று பயந்தேன். கோப்பையில் தண்ணீரை எடுத்துக் கதவுக்குப் பின்னால் நானே வைத்துப் பார்த்தேன். கூப்பிட்டும் பார்த்தேன். சிஞ்ஞோரா எழும்பி, யாரோடு கதைக்கிறாய் என்று அறையிலிருந்து சத்தம் போட்டா. ஒன்பது நாள் அப்படியே போனது. தாகமென்று கேட்டவனுக்கு இல்லை என்று சொன்ன வாயைப் பிள்ளை பார்த்துவிட்டாள் என்றும், இனி என்னிடம் கேட்கமாட்டாள் என்றும் எனக்குப் பட்டது. பைத்தியம் என்று நினைக்கலாம். வீட்டில் கண்ணாடி பார்க்கவே எனக்கு ஏலாமல் இருந்தது.

பத்தாம் நாள் காலையில் சிஞ்ஞோராவுக்கு மருந்து கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவன் வேலை செய்கிறான் என்று செல்வமலர் சொல்லியிருந்தா. கடையின் பின்வாசலில் ஒரு தொட்டிச் சிப்பியைக் கழுவித் தேய்த்துக்கொண்டு இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, கையைக் காற்சட்டையில் துடைத்தான். நான் பையிலிருந்த போத்தலை எடுத்து நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. “எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. இந்தியா இல்லையெண்டு தெரிஞ்சுதான் இறக்கினனான்” என்றான்.

ஏன் என்று கேட்டேன்.

“பயம். நேவி வெளிச்சம் தெரிஞ்சது. காலமை எப்பிடியும் மீன்காரர் அந்தப் பக்கம் வருவினம், ஏத்துவினம் எண்டு என்ரை மனசுக்குச் சொன்னனான். அண்டைக்கு அவையள் கடலுக்கு வரேல்லை. திரும்பி வந்து பாத்திருக்கலாம். வரேல்லை. வேறை ஒரு காரணமும் இல்லை அக்கா. பயந்திட்டன்.”

அவன் ஏதாவது சாட்டுச் சொல்வான், அதை வைத்து அவனைக் கிழிக்கலாம் என்று நான் வழி முழுக்க யோசித்து வந்தேன். அவன் ஒரு சாட்டும் வைக்கவில்லை. பிறகு கேட்டான்: “பிள்ளையின்ரை பேர் என்ன அக்கா? ஒவ்வொரு வருசமும் பூசை ஒப்புக்குடுக்கிறனான். சுவாமியார் பேர் கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு பிள்ளை எண்டு எழுதிப்போடுவன்.”

பெயரைச் சொன்னேன். ஏழு வருடத்தில் அந்தப் பெயரை வாய்விட்டு இன்னொரு ஆளுக்கு நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் அதை மெல்லத் திருப்பிச் சொன்னான். அப்போது என் வாயிலிருந்து வந்ததை நான் திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை. “சந்தியோகு, எமிலியானாவின்ரை பேரிலை நான் உம்மை மன்னிக்கிறன். இனி உம்மை நான் பிடிச்சு வைச்சிருக்கேல்லை. தண்ணியைக் குடியும்” என்றேன்.

அவன் போத்தலை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். குடித்துக்கொண்டே அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அவன் மேல் பாசம் வந்தது என்று பொய் எழுத மாட்டேன். அவனை அடிக்கடி காண எனக்கு விருப்பமில்லை. ஆனால் நெஞ்சில் ஏறி இருந்த ஆள் எழும்பிப் போனதுபோல் மூச்சு உள்ளே போனது. அது மட்டும் உண்மை.

அத்தோடு நான் வந்திருப்பேன். அவன்தான் மறித்து, “அண்ணை எப்பிடி?” என்று கேட்டான். முகாமில் இருக்கிறார் என்றேன். “நீங்கள் அவரை ஏசினதைச் சனம் சொன்னது. கான் விசயத்திலை அண்ணையிலை ஒரு பிழையும் இல்லை அக்கா” என்றான்.

என்ன விசயம் என்று கேட்டேன்.

“கடைசி நேரம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி கரையாலை ஓடி வந்தவவெல்லோ. வள்ளம் தாங்காது, ஏத்தேலாது எண்டு நான் சொல்லிப்போட்டன். அண்ணைதான் விடேல்லை. அப்ப அந்தப் பெரிய கானை இறக்குங்கோ, போய் இறங்கின உடனை கிணறு இருக்கு எண்டு சொன்னனான். ரெண்டு தரம் மாட்டன் எண்டவர். பிறகு அந்தப் பிள்ளைத்தாய்ச்சியைப் பாத்திட்டு இறக்கி வைச்சவர். உங்களுக்கு அவர் சொல்லேல்லையோ?”

பீலிக்ஸ், நான் அந்த ஒழுங்கையில் மரக்கறிப் பெட்டி ஒன்றின்மேல் இருந்துவிட்டேன்.

நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வள்ளத்தின் முன்னணியத்தில் கடலைப் பார்த்தபடி இருந்தேன். பின்னால் கரையில் நடந்த எதையும் நான் காணவில்லை. மறந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். விட்டிட்டன் என்றால் மறந்துவிட்டேன் என்றுதானே நான் எடுப்பேன். அந்தப் பிள்ளைத்தாய்ச்சி குகனேஸ்வரிக்கு முகாமில் ஐப்பசி மாதம் ஆண்பிள்ளை பிறந்தது. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். நான் போகவில்லை. ஊரார் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று அதற்கும் உங்களை ஏசினேன். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் சொன்ன பழியை ஓம் என்று தலையில் வைத்துக்கொண்டு ஏழு வருடம் எப்படி இருந்தீர்கள்?

திரும்பி வரும்போது கபோ சந்தைக்குள்ளால் நடந்தேன். மீன்காரர்கள் போடுகிற கூச்சலில் ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்தச் சனத்துக்குள் நடந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு என் சேலை நினைவு வந்தது. மணல் திட்டில் இரண்டு நாளும் அந்தச் சேலையை விரித்து, பிள்ளைக்கு மேலே நிழலுக்குப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள். கையை ஒரு தடவையும் இறக்கவில்லை. முதுகுத் தோல் கழன்று, முகாமில் ஒரு மாதம் குப்புறப் படுத்தீர்கள். எப்படி இதை மறந்தேன்? அந்தக் கான் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்று பின்னேரமும் பிள்ளை வரவில்லை. இனி வருவாளோ தெரியாது. ஆனால் குசினியில் இருக்கும்போது, முன்பல் விழுந்த அன்று அதைக் கூரைமேல் எறியச் சொல்லி அவள் உங்கள் தோளில் ஏறி நின்றது நினைவுக்கு வந்தது. எறிந்த பல் கூரையில் தங்காமல் திரும்பி உங்கள் தலையில் விழுந்ததும், அவள் விக்கி விக்கிச் சிரித்ததும். அந்தச் சிரிப்பை ஏழு வருடமாக நான் கேட்டதில்லை. மணல் திட்டுக்கு முன்னால் அவள் வாழ்ந்த ஆறு வருடம் இருந்ததே.

சிஞ்ஞோராவின் மகன் என் வதிவிட அனுமதியான பெர்மெசோவைக் காட்டி, கணவரைக் கூப்பிடக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார். அது நடக்குமோ, எத்தனை வருடம் இழுக்குமோ தெரியாது. வரும்படி கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? நீங்கள் மாட்டேன் என்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று மட்டும் கேட்கிறேன். இந்த நாலு வருடமாக உங்கள் கடிதங்களில் என் பெயர் இருப்பதில்லை. ‘நலம், நலமறிய’ என்று தொடங்கி முடித்துவிடுகிறீர்கள். அது சரி, நான் செய்ததற்கு அந்தத் தண்டனைகூடக் காணாது. அடுத்த கடிதத்தில் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு எழுதுங்கள். அகஸ்ரீனா என்று எழுதக் கை வராவிட்டால், எமிலியானாவின் அம்மா என்றாவது எழுதுங்கள்.

உங்கள் இழுப்புக்கும் உங்கள் மனதுக்கும் மடு மாதா ஆறுதல் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கையெழுத்தைக் காணக் காத்திருக்கும்
அகஸ்ரீனா