மிஸ்டு காலை எடுத்துவிட்டேன்

26 பிப்ரவரி 2011, சனி. பரங்கிப்பேட்டை.

பண்ருட்டி முதலாளிக்கு முந்திரிக்கொட்டை வாங்க ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் போன என் வீட்டுக்காரர், தினமும் அந்தியில் மஃரிப் தொழுகை நேரத்தில் ஒரு ரிங் விடுவார். நான் எடுக்கக் கூடாது. ரிங் வந்தால் அவர் நலம். அதுதான் எங்கள் ஏற்பாடு.

இன்றைக்கு எடுத்துவிட்டேன். அங்கே தேர்தலில் தோற்ற அதிபர் நாற்காலியை விட மாட்டேன் என்கிறாராம், தெருவில் சுடுகிறார்களாம். பேப்பரில் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மச்சான், எல்லா நாடும் சேந்து அந்த ஆளை நெருக்குறாங்களாமே, சீக்கிரம் முடிஞ்சிடும்ல?" என்றேன்.

"ஏன் புள்ள எடுத்தே?" என்று கத்தினார். "அந்த ஆளையா நெருக்குறாங்க? ஐரோப்பாக்காரன் கப்பலை நிறுத்திட்டான். பேங்கெல்லாம் மூடிட்டாங்க. ரீசார்ஜ் கார்டு வாங்கக்கூட கையில காசு இல்ல, இதான் கடைசி பேலன்ஸு. ஒண்ணு சொல்றேன், நல்லா கேட்டுக்க..."

அதோடு பேச்சு அறுந்துவிட்டது.

திரும்ப நானே பலமுறை போட்டுப் பார்த்தேன். இங்கிருந்து என்றைக்கு லைன் கிடைத்திருக்கிறது?

மாமியார் கேட்டதற்கு, "நல்லா இருக்காங்க மாமி" என்றேன். நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்கள்.

நாளைக்கு ரிங் வராது. பேலன்ஸைத் தீர்த்தவளே நான்தான். அதனால்தான் வரவில்லை என்று நாளைக்குச் சொல்லிக்கொள்வேன். நாளை மறுநாளும் அதையே சொல்லிக்கொள்வேன். சுட்டதில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தாலும், நான் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.