திங்கட்கிழமைக்குள் எட்டு மணி நேரம்

செப். 27, சனி
காலையிலிருந்தே புழுக்கம். காலாண்டு விடுமுறை ஆரம்பம். லென்ஸும் இன்றுதான் ஆரம்பம்.

கருவிழி கூம்பு மாதிரித் துருத்திவிட்டதாம். மூக்குக்கண்ணாடி இனி உதவாது, கெட்டி லென்ஸ்தான். அடையாறு ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பெண் சொன்னாள்: "மொதல்ல மண்ணு வுழுந்தாப்ல இருக்கும் மேடம். கண்ணை மட்டும் கசக்கிடாதீங்க. இன்னிக்கு ரெண்டு மணி நேரம். தெனம் ஒரு மணி நேரம் கூட்டுங்க." அப்படியே போனால் வெள்ளிக்கிழமை எட்டு.

எட்டு எனக்கு வேண்டும். 6ஆம் தேதி திங்கள் பள்ளி திறக்கிறது. போன மாதம் ஒரு பிள்ளையின் அம்மா, பேப்பரில் 86, நான் ஏற்றிய மார்க் லிஸ்டில் 36 என்று கொண்டுவந்து காட்டிய பிறகு, ஹெச்.எம். சிஸ்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். நாள் முழுக்கப் பார்வை சரி என்று டாக்டர் எழுதித் தந்தால் 5-பி கணக்கு எனக்கு. இல்லையென்றால் லைப்ரரி.

இரண்டு மணி நேரமும் நாற்காலியில், தலையை அண்ணாந்து, அசையாமல். ஒரு வேலையும் ஓடவில்லை.

செப். 28, ஞாயிறு
லென்ஸோடு பூசைக்குப் போனது என் புத்தி. தூபம் நேராக எங்கள் வரிசைக்கு வந்தது. தாரை தாரையாகக் கண்ணீர். பக்கத்தில் இருந்த அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா, மாதா பாத்துப்பாங்க" என்றார். எதற்கு என்று கேட்கவே இல்லை.

மூன்று மணி நேரம் ஆகவில்லை. ஒன்றே முக்கால்.

செப். 30, செவ்வாய்
இடது, வலது மாற்றிப் போட்டுவிட்டேன். டப்பா மூடியில் எழுத்து இருக்கிறதாம். அதைப் படிக்க லென்ஸ் வேண்டுமே. எந்தப் புண்ணியவான் செய்த டப்பாவோ. வலது மூடியில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தேன்.

கழற்றும்போது இடது லென்ஸ் நழுவி மேல் இமைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. முக்கால் மணி நேரம் பாத்ரூமில். ஜன்னல் இல்லை. மூச்சு முட்டியது. அழவும் பயம், அழுதால் இன்னும் எங்கே ஓடுமோ. வெளியிலிருந்து அத்தை:
"இன்னாடி பண்ணிக்கினு கீற உள்ள? தண்ணி நின்னுடும்."
"வரேன் அத்தே."

இமைக்கு மேல் விரலை வைத்து மெல்ல மெல்லத் தள்ளினேன். கடைசியில் லென்ஸ் கழற்றும் ரப்பர் உறிஞ்சியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்தால் அத்தை என் முகத்தைப் பார்த்து, "உள்ள வெங்காயமா உரிச்சே?" லைப்ரரி விஷயம் அவருக்குத் தெரியாது. இவருக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளியில் ஒளிந்தேன். இப்போது வீட்டிலும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருக்கிறது.

அக். 2, வியாழன்
மழை. துணி காயவில்லை. ஐந்து மணி நேரம் தாங்கியது. இன்னும் மூன்று.

இவர் சாப்பிடும்போது: "லைப்ரரின்னா என்ன கொறைஞ்சா போச்சு? நிம்மதியா ஒக்காரலாம்ல." ரசத்தை வைத்துவிட்டு வந்தேன். ஆத்திரம். பதினாறு வருஷம் போர்டு முன்னால் நின்றவள் அலமாரிச் சாவியோடு உட்கார வேண்டுமா.

இரண்டு வருஷமாக மறைத்த விதங்கள்:
– விடையை வாயால் சொல்லச் சொல்வது
– போர்டில் எழுத லீடரைக் கூப்பிடுவது
– ஸ்டாஃப் ரூம் காலியான பிறகு, நோட்டை மூக்கில் ஒட்டிக்கொண்டு திருத்துவது

இந்த வருஷம் திருத்துவதில் அவ்வளவு சிரமம் இல்லை. 5-பி பிள்ளைகளுக்கு நல்ல கையெழுத்து, ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்குக்கூட என் கண்ணைப் பற்றித் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அக். 4, சனி
நேற்று பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு மணி நேரம். இன்று டாக்டர் பரிசோதித்து எழுதிக் கொடுத்துவிட்டார். லஸ் முனையில், எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸின் நம்பரை இங்கிருந்தே படித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

மாலை, 5-பி கணக்கு நோட்டுக் கட்டைப் பிரித்தேன். நடுவில் தவறி வந்த தமிழ் நோட்டு ஒன்று. லீடர் ஜெனிபருடையது. எழுத்து எறும்பு அளவு. அவளுடைய கணக்கு நோட்டை எடுத்தேன். ஒரு வரி விட்டு ஒரு வரி, ஒவ்வொரு எண்ணும் கட்டைவிரல் நகம் அளவு. அடுத்த நோட்டு. அதுவும் அப்படியே. முப்பத்தெட்டும்.

ஜூன் பக்கங்களில் மட்டும் சின்ன எழுத்து. ஜூலை நடுவிலிருந்து எல்லாம் பெரிது. அந்த வாரம்தான் ஒரு நோட்டைத் தூக்கிப் பிடித்து, "இது மூணா, எட்டா?" என்று கேட்டேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நல்ல கையெழுத்தாம்.

வெட்கமாக இருக்கிறது. சர்டிபிகேட் கையில் இருக்கிறது, திங்கள் போகாமலும் இருக்க முடியாது. அவர்கள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்.

அக். 6, திங்கள்
தூறல். ஏழே காலுக்கு மாட்டினேன். சிவப்பு மூடி வலது. சிஸ்டர் சர்டிபிகேட்டை வாங்கிப் படித்து, "போங்க டீச்சர்" என்றார், அவ்வளவுதான்.

முதல் பீரியட் 5-பி. பேச வேண்டும் என்று தயாரித்ததை விட்டுவிட்டுச் சாக்பீஸை எடுத்தேன். கணக்கைப் போர்டில் நானே எழுதினேன். திரும்பினால், கடைசி பெஞ்ச் வரை ஒவ்வொரு முகமும் தனித்தனியாக.

ஜெனிபர் எழுந்தாள்.
"மிஸ், நோட்டு சீக்கிரம் சீக்கிரம் தீந்துடுதுன்னு எங்கம்மா திட்டுறாங்க. இனிமே சின்னதா எழுதலாமா மிஸ்?"

எழுதலாம் என்றேன். கண்ணைக் கசக்கக் கூடாது.