பெஞ்சாகா என்ற இடத்தில்

ஜூலை 18, வெள்ளி.

பேத்தி ஷாலினியின் கான்வென்டில் ஓட்டப் பயிற்சிக்கு ஒப்புதல் பாரம் கொடுத்திருந்தார்கள். படிப்போடு விளையாட்டும் வேண்டும் என்பது அங்கே சிஸ்டரின் கண்டிப்பு. என் மகள் கமலா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

"ஓடிக்கிட்டே இருந்தா டியூசனுக்கு யாரு போவா?"

"எல்லாரும் சேரணும்லா, அம்மா!" என்று ஷாலினி அழுதாள்.

சின்ன வயதில், சுவா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில், ஓட்டத்தில் ஒரு பையனும் என்னை முந்தியதில்லை. சிரம்பான் டவுனில் நடந்த பந்தயத்தில் ஓட என்னை அனுப்பச் சொல்லி வாத்தியார் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்தார். அப்பா, "இவ ஓடப் போனா தம்பிய யாரு தூக்குறது?" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதிலாக, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகள் போனாள். அவள் கொண்டுவந்து காட்டிய நீல ரிப்பனின் ஓரம் பிரிந்திருந்தது வரை நினைவிருக்கிறது. அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கமலா குளிக்கப் போனதும் பாரத்தை எடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் தாய் தகப்பன் அல்லது பெஞ்சாகா என்று மலாயில் இருந்தது. பெஞ்சாகா என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர். அது நான்தானே. மூன்றாம் வகுப்பில் கற்ற தமிழில் என் பெயரை முழுதாக எழுதினேன்.

"பாட்டி, அம்மா கேட்டா?"

"நான்தான் போட்டேன்னு சொல்லு."

திங்கட்கிழமை பாரம் பள்ளிக்குப் போனதும் கமலாவுக்குத் தெரிந்துவிடும். என்னோடு பேசமாட்டாள். என் மகள்தானே, என்னைப் போல லேசில் மறக்கவும் மாட்டாள். மறக்க வேண்டாம். ஷாலினி ஓடட்டும்.