நடு அறையில் உன் முகம்

என் பிரியமான அண்ணனுக்கு,

உன் ஓவியக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். கொரோனாவுக்குப் பூட்டிய கதவு, இரண்டு வருஷம் கழித்து இந்தச் சாரல் சீசனுக்குத் திறந்திருக்கிறது. மெயினருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. கூட்டமும் அப்படித்தான். குளித்துவிட்டு ஈரத்தலையும் எண்ணெய் உடம்புமாக நேரே கூடத்துக்குள் வந்து சுவரில் சாய்கிறார்கள். நீ இருந்திருந்தால் வாசலிலேயே சண்டை நடந்திருக்கும். "இது என்ன சுவரா, துவட்டுத துண்டா?" என்று நீ கத்துவதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடிந்தது.

மூன்று அறைகளிலும் புதுக் கண்காட்சி. முதல் அறையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது வரைந்தவை. பாதிப் படங்களில் ஜன்னல்தான் இருக்கிறது. கடைசி அறையில் நம் பக்கத்துக் குளங்களும் வயல்களும். நடு அறையில் நீ. ஆமாம், நீயேதான். ஊரார் படத்தையெல்லாம் கோணாமல் மாட்டிக் கொடுத்தவன், நீ வரைந்த படம் ஒன்றைக்கூட மாட்டவில்லையே, ஏன்? கேட்டால், "காப்பாளனே தன் படத்தை மாட்டினா ஊரு சிரிக்கும்லா" என்பாய்.

உன் வேலைக்கு வந்திருக்கிற செங்கோட்டைக்காரர் பின்னறையைச் சுத்தம் செய்யும்போது, சாக்கில் சுற்றி வைத்திருந்த உன் படங்களைப் பார்த்திருக்கிறார். பூட்டியிருந்த நாட்களில், படங்களுக்குப் பூஞ்சை பிடிக்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வருகிறேன் என்று அடிக்கடி ஸ்கூட்டரில் போனாயே, அங்கே போய் இதைத்தான் செய்துகொண்டிருந்தாயா? அதில் ஒன்று, கண்ணாடியைப் பார்த்து நீ உன்னையே வரைந்தது. அதைக் காட்சிக்கு வைக்கலாமா என்று கேட்க அவர் தென்காசியில் நம் வீட்டுக்கே வந்தார். அம்மா சரி என்றாள். எனக்குத்தான் மனசில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டாவது அலையில் நீ போன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் உன்னைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள். கவச உடைக்குள் இருந்த ஒருவர், "முகத்தைப் பாக்கீங்களாம்மா? ஒரு நிமிஷம் திறக்கேன்" என்று தணிந்த குரலில் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பயந்துவிட்டேன் அண்ணே. நோய்க்குப் பயந்தேனா, உன் முகத்துக்குப் பயந்தேனா, இன்னும் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், முகத்தைக் காட்டவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன்.

அந்த ஒரு பொய் அம்மாவை என்ன பாடு படுத்தியது தெரியுமா? அவளைப் பொறுத்தவரை நீ சாகவே இல்லை. "எவனையோ எரிச்சிட்டு எம்பிள்ளைன்னு சொல்லுதாங்க" என்று பதினாறாம் நாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. உன் போட்டோவுக்கு மாலை போட விடவில்லை. "பொட்டு வைக்க அவன் என்ன செத்தா போயிட்டான்?" என்று வந்த சொந்தக்காரர்களை விரட்டினாள். உன் செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணச் சொல்லி மாதாமாதம் என்னை நச்சரிப்பாள். நானும் பண்ணினேன். வேறு என்ன செய்ய?

திறப்பு நாளன்று அவளும் வந்தாள். முதலில் கோயிலுக்குப் போனோம். அங்கே கொடுத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் இலையோடு மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கூடத்தில் பிள்ளைகள் வரைந்த படம் எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராகப் போய் உன் முன்னால் நின்றாள். படத்தில் நீ மெலிந்திருக்கிறாய். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் நான் இதையெல்லாம் கவனிக்கவில்லை.

"ஏட்டி, எப்பம் இவ்வளவு நரைச்சான்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "கடைசில இப்படித்தான் இருந்திருப்பானோ?" என்றாள்.

மறுபடியும் அதே பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியாதும்மா. பாக்கீங்களான்னு கேட்டாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன்" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் செல்பி எடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனது. பிறகு அம்மா என் கையைப் பிடித்தாள்.

"ஒத்தையில நின்னியேட்டி, பயமாத்தான் இருந்திருக்கும்" என்றாள். "சரி விடு. இப்பம் ரெண்டு பேரும் பாத்துட்டோம்லா."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, சந்தனத்தை எடுத்து உன் நெற்றியில் வைத்தாள். அதன்மேல் குங்குமம். "ஏ ஆச்சி, படத்தைத் தொடாதீங்க!" என்று காவலாளி ஓடிவந்தார். செங்கோட்டைக்காரர் அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். "சீசன் முடிஞ்சதும் பதமா துடைச்சுக்கலாம், இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அம்மா அப்போதுதான் அழுதாள். "எம்பிள்ள போயிட்டானே" என்று அவள் வாயால் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

இதைத்தானே நானும் ஒரு வருஷமாக வேண்டிக்கொண்டிருந்தேன்? பிறகு ஏன் இப்படி வலிக்கிறது? நீ வருவாய் என்று சொல்ல நம் வீட்டில் இனி ஒருவரும் இல்லை, அண்ணே.

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அம்மாவே விட்டுவிட்ட பிறகு உன்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? அதனால் ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். அம்மாவுக்கு இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அவளுக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்கு யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், துணியை விலக்கி அவள் முகத்தை நான் பார்ப்பேன். கன்னத்தைத் தடவிக் கொடுப்பேன். எவ்வளவு பயந்தாலும் திரும்பிக்கொள்ள மாட்டேன்.

ஒரு நிமிஷம் உன்னைப் பார்க்காமல் போன,
உன் தங்கச்சி